கூண்டு, கொழும்பு, கடல் ஓசை

தமிழ்நாட்டுக்குப் பாம்பன் என்றொரு ஊர் தெரிந்ததே வானொலி புண்ணியத்தில்தான். வருஷம் முழுக்க யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நாங்கள் செய்தியில் இருப்போம்: ‘பாம்பன் துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது.’ அந்தக் கூண்டைக் காலையிலேயே அண்ணாந்து பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, ஆகாசவாணி சாயங்காலம் அதைச் சொல்லும். 11-ஆம் எண் என்று ஒன்று உண்டு. வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுப்போனால் ஏற்றுவது. “மத்த நாள்ல மட்டும் தொடர்பு இருந்துச்சாக்கும்” என்பார் தாத்தா. 1964 டிசம்பரில் கடல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனபோது, பாம்பனிலிருந்து கிளம்பிய ரயிலையும் ஆட்களோடு கொண்டுபோனதை அறிந்த தலைமுறை. அவர் பேசலாம்.

எங்கள் வீட்டு மர்ஃபி ரேடியோவுக்கு லைசென்ஸ் புத்தகம் இருந்தது. தபாலாபீசில் வருஷத்துக்கு 15 ரூபாய் கட்டி முத்திரை குத்தி வாங்க வேண்டும். பேசுவதற்கல்ல, வெறுமனே கேட்பதற்கு. அப்பா அதைப் பட்டாவோடு சேர்த்துப் பெட்டியில் வைத்திருந்தார். இந்திய சர்க்காருக்குப் பணம் கட்டிவிட்டு நாங்கள் கேட்டதென்னவோ இலங்கை வானொலியைத்தான். 1950-களில் கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக இருந்தபோது ஆகாசவாணி சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்தது. கொழும்பு வந்து அந்த இடத்தில் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டது. நான் கேட்கத் தொடங்கிய காலத்தில் ஆகாசவாணியே சினிமாப் பாட்டுப் போடும் விவித்பாரதி வந்தாயிற்று. அதனாலென்ன, உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மத்திய அலை உப்புத் தண்ணீர்மேல் நன்றாகப் பாயும் என்பார்கள். திருச்சி நிலையம் கரகரக்க, கடலுக்கு அப்பாலிருந்து அறிவிப்பாளர்கள் மயில்வாகனமும் கே.எஸ். ராஜாவும் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டார்கள். அப்துல் ஹமீதை எங்கள் அத்தை ‘நம்ம ஹமீது’ என்பாள். மெட்ராஸ் அறிவிப்பாளர் ஒருவர் பெயரும் அவளுக்குத் தெரியாது.

இப்போது எங்களுக்கே ஒரு வானொலி. அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. தொண்டு நிறுவனங்கள் சமுதாய வானொலி நிலையம் நடத்தலாம் என்று மத்திய அரசு 2006-இல் இறங்கி வந்தது. 2016 ஆகஸ்ட் 15 அன்று பாம்பனில் ‘கடல் ஓசை 90.4’ பேசத் தொடங்கியது. மைக் முன்னால் உட்காருவது மீனவர் வீட்டுப் பிள்ளைகள். நேற்றுவரை வலை பிரித்துக்கொண்டிருந்த பையன் காற்றின் வேகம், அலையின் உயரம் எல்லாம் மீட்டர் கணக்கில் சொல்கிறான். சொல்லி முடித்ததும் தவறாமல் ஒரு பாட்டு. கச்சான் காற்றா, வாடைக் காற்றா என்று கடற்கரை மணலை உதிர்த்துப் பார்த்துச் சொன்ன பெரியவர்கள் இப்போது அவன் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு மணலையும் ஒருதரம் உதிர்த்துப் பார்க்கிறார்கள்.

லைசென்ஸ் ஒழிந்தது, யாரும் கேட்கலாம். கேட்கத்தான் பெட்டியில்லை. வீட்டு ரேடியோக்கள் பரணுக்குப் போயின. புதுக் கைபேசிகள் பலவற்றில் எஃப்.எம்.மே கிடையாது. கொழும்பு கடல் தாண்டி வந்தது. எங்கள் நிலையத்துக்கோ விதிப்படி 100 வாட், 30 மீட்டர் கம்பம். கரையில் கேட்கும். நாட்டுப்படகுக்காரர் காதுக்கு எட்டும். விசைப்படகு போகும் தூரத்துக்கு எட்டாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சமுதாய வானொலி செய்தி சொல்லக்கூடாது. மழை சொல்லலாம், தேர்வு முடிவு சொல்லலாம், தண்ணீர் எப்போது வரும் என்று சொல்லலாம். செய்தி வேண்டுமானால் ஆகாசவாணி வாசித்ததை மாற்றாமல் போட்டுக்கொள்ளலாம். ஆகவே பக்கத்துத் தெருப் படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், அந்தச் சேதி முதலில் ஆகாசவாணிக்குப் போக வேண்டும். அங்கே ஒருவர் வாசிக்க வேண்டும். பிறகு அது பாம்பனுக்குத் திரும்பி வந்து, பிடிபட்டவனின் சித்தப்பா மகன் அதை ஒலிபரப்ப வேண்டும். அதுவரை அவன் பாட்டுப் போடுகிறான். மீன் கூறு வைத்திருக்கும் அக்காவிடம் ஒருநாள் இந்தச் சட்டத்தை விளக்கினேன்.

“எங்களுக்கு எதுக்குத் தம்பி அவன் சொல்லணும்?” என்றார். “சோகப் பாட்டா ரெண்டு சேர்ந்தாப்ல போட்டான்னா தெரிஞ்சிக்கிருவோம்ல?”