ஆளுக்கு எத்தனை கிலோ?

2013-இல் சமோவா ஏர் நிறுவனம் பயணியின் எடையைப் பார்த்து, கிலோவுக்கு இவ்வளவு என்று டிக்கெட் போட்டது. உலகமே வாய்பிளந்தது. ஓசூர், கிருஷ்ணகிரிக்காரருக்கு இதில் என்ன அதிசயம்? ஜூஜூவாடி எல்லை தாண்டும் லாரியோ மண்டிக்கு வரும் மாங்காயோ, எடைமேடை சொன்னதுதான் தீர்ப்பு.

ஐம்பது கிலோ ஆசாமி "நியாயம்தானே" என்பார். தொண்ணூறைத் தொட்டவருக்கு உடனே மனித உரிமை ஞாபகம் வரும். உள்நாட்டு விமானத்தில் பெட்டி 15 கிலோவைத் தாண்டினால் தண்டம் அழுகிறோம். அதைத் தள்ளிவரும் தொப்பையை (என்னுடையதும் சேர்த்துத்தான்) எவரும் கேட்பதில்லை.

ஓசூரில் 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024-இல் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அது வரும்வரை பெங்களூருவின் தேவனஹள்ளி விமான நிலையம்தான் கதி. சில்க் போர்டு நெரிசலிலேயே இரண்டு கிலோ இளைத்துவிடலாம். நல்லவேளை, ஓசூர் பஸ்ஸில் இன்னும் ஆளுக்கு ஒரு டிக்கெட்தான். லக்கேஜுக்கு மட்டும் தனி.