மறுபதிப்பு மைனர்

சிகாகோவின் வடக்குப் புறநகர்களில் இவரைச் சர்வசாதாரணமாகப் பார்க்கலாம். நாற்பதைத் தொடப்போகும் வயது. காப்பீட்டு நிறுவனத்தில் உத்தியோகம், வீட்டுக் கடன், முதுகுவலி எல்லாம் உண்டு. சனிக்கிழமையானால் கறுப்பு டி-சர்ட் ஒன்றை மாட்டிக்கொள்வார். அதில் அச்சாகியிருக்கும் இசைக்குழுவின் பெயர், தொப்பை வந்த பிறகு, எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கும்.

பக்கத்து வில்மெட்டில் உருவான ஃபால் அவுட் பாய் குழு, 2003 மே மாதம் 'டேக் திஸ் டு யுவர் கிரேவ்' ஆல்பத்தை வெளியிட்டபோது நம்மாளுக்குப் பதினேழு வயது. காசு கொடுத்து வாங்கவில்லை. நண்பன் காப்பி அடித்துக் கொடுத்த சீடி. அதன் மேல் மார்க்கர் பேனாவில், எழுத்துப்பிழையோடு ஆல்பத்தின் பெயர். அம்மாவின் காரில் அது கீறல் விழுந்து திக்கும்வரை ஓடியது. காதல் தோல்விப் பாடல்களை வரி தவறாமல் கத்தினார். காதலிக்கக்கூட ஒருத்தி கிடைக்காத காலம் அது.

அப்போது வினைல் ரெக்கார்டு என்றால் அப்பா கராஜ் சேலில் தள்ளிவிட்ட பழைய சாமான். அந்த விற்பனைக்கு மேசையை வெளியே தூக்கிப் போட்டவரே இவர்தான். இன்றைக்கோ, "வினைல்ல கேட்டாத்தான் பாட்டுக்கு ஒரு கதகதப்பு இருக்கும்" என்கிறார்.

ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுப் பதிப்பு வினைலில் வந்தபோது வீட்டில் ஒரே பரபரப்பு. கடைக்காரரிடம் அரிசி வாங்குபவரைப்போலத் தட்டின் எடை விசாரித்தார்: 140 கிராமா, 180 கிராமா? கனத்த தட்டு சுலபத்தில் வளையாது, சரி. ஆனால் பாட்டு இருப்பது தடத்தில்; தட்டைத் தடிமனாக்கினால் கிட்டார் தடிமனாகிவிடாது. இதை அவரிடம் சொல்லிப் பயனில்லை. கறுப்புத் தட்டை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நீலம், ஒளி ஊடுருவும் நீலம், மை தெளித்த நீலம் என்று எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எல்லாவற்றிலும் அதே பாடல்கள்தான், மொத்தம் நாற்பது நிமிடத்துக்குள்.

அவரிடம் மறந்தும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு: இது இவர்களின் முதல் ஆல்பமா? இந்த ஆல்பத்துக்குச் சில வாரங்கள் முன்பே, 2003 மார்ச்சில், இன்னொரு சிறு நிறுவனம் இந்தக் குழுவின் குறு ஆல்பம் ஒன்றை வெளியிட்டிருந்தது. நீங்கள் 'இதுதான் முதல் ஆல்பம்' என்றால் அவர் மார்ச்சைக் கொண்டுவருவார். நீங்கள் மார்ச்சைச் சொன்னால், "அதெல்லாம் கணக்குல வராது" என்பார். முன்ஜாக்கிரதையாக இரண்டையுமே வாங்கி வைத்திருக்கிறார்.

விஸ்கான்சின் டெல்ஸுக்குக் குழந்தைகளை நீர் விளையாட்டுக்கு அழைத்துப்போகும் வழியில் மேடிசன் வரும். அங்கேதான் ஆல்பம் பதிவான ஸ்மார்ட் ஸ்டுடியோ இருந்தது. நிர்வானா குழுவினரும் 1990-இல் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். ஸ்டுடியோவை 2010-இல் மூடிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். மனைவி காரைவிட்டு இறங்கவில்லை.

இவரைப் போன்றவர்களை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1987-க்குப் பிறகு முதன்முறையாக, 2022-இல் சீடியைவிட வினைல் அதிகம் விற்றது: 4.1 கோடிக்கு 3.3 கோடி. அப்படி வாங்குபவர்களில் பாதிப் பேரிடம் அதைப் போட்டுக் கேட்க பிளேயரே இல்லை என்று 2023-இல் லூமினேட் நிறுவனத்தின் ஆய்வு சொன்னது. நம்மாள் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லை. அவரிடம் அருமையான பிளேயர் இருக்கிறது. தட்டைப் போட வேண்டுமானால் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க வேண்டும்; கிழித்தால் தரம் 'மின்ட்' என்ற புத்தம்புது நிலையிலிருந்து இறங்கிவிடும். அதனால் பாட்டைப் பாத்திரம் கழுவும்போது போனில் கேட்டுக்கொள்கிறார்.

இரவில் தூங்குமுன் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தட்டுகளின் விலை பார்ப்பார். நான்கு டாலர் ஏறியிருந்தால் முகம் மலரும். இறங்கியிருந்தால், "விக்கவா வாங்கினேன்?" என்று யாரும் கேட்காமலே பதில் சொல்வார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, ரெக்கார்டு கடைகளின் திருநாளான ரெக்கார்டு ஸ்டோர் டே. 2008-இலிருந்து நடக்கிறது. மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்க்குமாக, விடியுமுன் சிகாகோக் குளிரில் வரிசையில் உட்கார்ந்திருப்பார். போன தடவை அவருக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண். அவள் உள்ளே போய் இந்த ஆல்பத்தின் சாதாரணக் கறுப்புத் தட்டை எடுத்தாள். கடை வாசலிலேயே பல்லால் உறையைக் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். நம்மாளுக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் மரியாதையாகக் கேட்டாள்: "சார், இவங்க பாட்டு உங்களுக்குப் பிடிக்குமா?"

தொண்டையைச் செருமிக்கொண்டு மார்ச் மாதத்திலிருந்து ஆரம்பித்தார். மேடிசன் வருவதற்குள் அவளுக்குப் பேருந்து வந்துவிட்டது.