புள்ளடிக்குப் பிந்திய வாக்கு: வாசிகசாலை விவாதங்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி இதுவரை எழுதிய அறிஞர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் சறுக்கியிருக்கிறார்கள். வாக்களிப்பு மாலை நான்கு மணியோடு முடிந்துவிடுகிறது என்று நம்பிவிட்டார்கள். 2024 செப்டெம்பர் 21ஆம் திகதி காலை 7 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு முடித்துவைத்தது வாக்களிப்பின் முதற் பாகத்தை மட்டுமே. தான் ஆருக்குப் போட்டேன் என்பதை வாக்காளர் ஆறுதலாகத் தீர்மானிக்கும் இரண்டாம் பாகம் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது. அதற்கு முடிவுத் திகதி கிடையாது. பெட்டிக்குள் போன புள்ளடியைப் பற்றி நூல்கள் உண்டு. பெட்டியை விட்டு வெளியேறி ஊருக்குள் உலாவும் புள்ளடியைக் கவனிப்பார் இல்லை. அக்குறையைப் போக்கவே இவ்வாய்வு.

ஆய்வுக்களம் யாழ்ப்பாணம், வலிகாமத்தில் ஒரு வாசிகசாலை. விறாந்தையில் இரண்டு நீள வாங்குகள். பத்திரிகை வந்த கையோடு தாள் தாளாகப் பிரிந்துவிடும். முதற்பக்கம் ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்ரரிடம். நடுப்பக்கம் தோட்டக்கார ஐயாவிடம். விளையாட்டுப் பக்கம் ஓட்டோக்காரத் தம்பியிடம். மரண அறிவித்தல் பக்கம் எவர் கையில் இருக்கிறதோ அவரே அன்றைய சபைத் தலைவர். ஒருவரும் முழுப் பத்திரிகையை வாசிப்பதில்லை. ஆகவே ஒருவரோடு ஒருவர் உடன்பட வேண்டிய சங்கடமும் எழுவதில்லை. அதிகாரத்தைப் பிரித்துவைக்கச் சொன்ன மொன்தெஸ்கியூ பத்திரிகையைப் பிரிப்பது பற்றி ஒன்றும் சொல்லாமல் போனது பெரிய குறைதான்.

சபைக்கு நான்காவது அங்கத்தவர் ஒருவர் உண்டு. அவர் தம்பியின் கைத்தொலைபேசிக்குள் இருக்கிறார். கனடாவிலுள்ள மச்சான். வெளிநாட்டில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்து வாக்களிக்க இலங்கைச் சட்டத்தில் வழியில்லை. வாக்கில்லாத குறையை அவர் குரலால் ஈடுசெய்கிறார். அங்கே நடுச்சாமம் என்றாலும் பரவாயில்லை.

இனி வாக்குச்சீட்டு. ஒரு முழத்தைத் தாண்டிய நீளம். 39 பேர் நியமனப் பத்திரம் கொடுத்து, ஒருவர் தேர்தலுக்கு முன்னரே காலமாக, 38 பேர் களத்தில் நின்றார்கள். அந்த 38 பேரில் ஒரு பெண்கூட இல்லை. அதன் விளைவைக் கட்டுரையின் கடைசியில் காண்போம்.

சின்னங்களே இவ்விவாதத்தின் மூலப் பொருள் என்பதால் அவற்றில் சற்று நின்று போக வேண்டும். ரணில் விக்கிரமசிங்க சுயேச்சையாக, காஸ் சிலிண்டர் சின்னத்தில் நின்றார். 2022இன் காஸ் தட்டுப்பாட்டில் நாடு முழுவதும் அந்தச் சிலிண்டரை உருட்டிக்கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருந்தது. வரிசையை ஒழித்தவர் இவர், ஆகவே சின்னம் ஒரு சாட்சிப் பொருள் என்பது மாஸ்ரரின் கட்சி. ஐயாவின் கட்சி வேறு: "சீட்டில அதைக் கண்ட உடன எனக்குக் கால் உளையத் தொடங்கீட்டுது மாஸ்ரர்." ஒரே படம் ஒருவருக்கு நிவாரணமாகவும் இன்னொருவருக்கு மூட்டுவலியாகவும் அமைவதை எந்தக் கருத்துக்கணிப்பும் அளந்ததில்லை.

சஜித் பிரேமதாசவுக்கு ரெலிபோன். தமிழரசுக் கட்சியின் மத்திய குழு செப்டெம்பர் 1ஆம் திகதி வவுனியாவில் கூடி அவரை ஆதரிப்பதாக அறிவித்தது. அதே கட்சியின் முன்னாள் மட்டக்களப்பு நாடாளுமன்ற உறுப்பினர் பா. அரியநேத்திரனோ தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்றார். கஜேந்திரகுமார் பொன்னம்பலத்தின் கட்சி தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. ஆக, தமிழ்க் கட்சிகளின் சொல்லைத் தட்டாமல் நடக்க விரும்பும் யாழ்ப்பாண வாக்காளர் அன்றைக்கு வீட்டில் இருந்தபடி வாக்குச்சாவடிக்குப் போய், ரெலிபோனுக்கும் சங்குக்கும் ஒருமிக்கப் புள்ளடி போட்டிருக்க வேண்டும்.

சங்கை ஆகக் கூடுதலாக ஊதியவர் மச்சான். ஒன்ராறியோவில் ஊதினால் சுன்னாகத்தில் கேட்டது. ஐயாவுக்கு அதிலும் ஒரு ஐமிச்சம். "கோயிலிலயும் சங்குதான், செத்தவீட்டிலயும் சங்குதான். இப்ப நாங்கள் எதுக்கு ஊதுறம் எண்டு ஒருக்கால் தெளிவாச் சொல்லுங்கோ."

அநுர குமார திசாநாயக்கவின் திசைகாட்டி பற்றி அப்போது அதிகம் கதைக்கப்படவில்லை. 2019இல் அவர் எடுத்தது 3.16 சதவீதம். "அந்த முள்ளு எப்பவும் வடக்கைத்தானே காட்டும்" என்று மாஸ்ரர் பகிடியாகச் சொன்னார். "காட்டும் சேர், வராது" என்றான் தம்பி. திசைகாட்டி குறித்த விவாதம் அத்துடன் முடிந்தது. அந்த அவசரத்துக்குச் சபை பிறகு விலை கொடுத்தது.

தேர்தல் நெருங்க நெருங்க வாசிகசாலை பின்னோக்கிப் போகும் என்பது இங்கே பதியவேண்டிய இன்னொரு இயல்பு. வரப்போகும் ஐந்து வருடத்தைப் பற்றிய கேள்விக்குக் கழிந்த நாற்பது வருடத்திலிருந்து விடை எடுப்பார்கள். ஐயாவின் அரசியல் காலம் வெங்காயத்தில் ஆரம்பிக்கிறது. சிறிமாவோ ஆட்சியில் இறக்குமதியை மறித்தபோது யாழ்ப்பாணத்து வெங்காயமும் செத்தல் மிளகாயும் பொன்விலைக்குப் போயின. அந்த நன்றியில் 1982இல், நாட்டின் முதலாவது ஜனாதிபதித் தேர்தலில், சிறிமாவோவின் கட்சி வேட்பாளர் ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு யாழ் மாவட்டத்தில் கணிசமான வாக்கு விழுந்தது. அங்கே முதலாவதாக வந்தவர் குமார் பொன்னம்பலம், நாட்டில் வென்றவர் ஜே.ஆர். ஜயவர்த்தன. ஐயா இன்றுவரை ஒரு வேட்பாளரின் பெயரைக் கேட்டதும் முதலில் கேட்பது, "ஆள் வெங்காயத்தை இறக்குவாரோ?" என்றுதான். அரசியல் விஞ்ஞானத்தில் இதைவிட நேர்மையான கேள்வியை நான் கண்டதில்லை.

மாஸ்ரரின் வருடம் 2005. புலிகளின் புறக்கணிப்புக்குள் அன்று யாழ் மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.2 சதவீதம். மகிந்த ராஜபக்ச வென்ற வித்தியாசம் 180,786. "கழிச்சுப் பாருங்கோ" என்பார் மாஸ்ரர். மேற்கொண்டு ஒன்றும் சொல்லமாட்டார். சபையும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாது. அன்று தோற்றவர் இந்த முறை சிலிண்டரோடு நின்ற அதே ரணில். 2010இல் போரை நடத்திய தளபதி சரத் பொன்சேகாவுக்கு யாழ்ப்பாணம் பெரும்பான்மை கொடுத்த கதையை எந்தச் சித்தாந்தத்திலும் அடக்க முடியாது என்பதால் அதை இவ்வாய்வு வேகமாகக் கடந்து போகிறது. வாசிகசாலையும் அப்படித்தான் செய்கிறது.

வாக்கெண்ணும் இரவில் ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். அது மறுநாள் நண்பகல்வரை நீண்டது. ஆய்வுக்களம் மூடப்பட்டதால் விவாதம் வேலிகளுக்கு இடம்பெயர்ந்தது. தகவல் வேலி தாண்டும்போது ஆயிரங்கள் கூடிக்குறைந்ததால் அன்றைய குறிப்புகளை இங்கே சேர்க்கவில்லை.

அதன் பின்னர் வந்தது பெரும் கணக்கு வழக்கு. அநுரவுக்கு 5,634,915 வாக்குகள், 42.31 சதவீதம். சஜித்துக்கு 4,363,035. ஒருவரும் பாதியைத் தாண்டாததால் இலங்கை வரலாற்றில் முதற் தடவையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளை எண்ணினார்கள். முதல் இருவரை விட்டு மற்றவர்களை விலக்கி, விலக்கியவர்களின் சீட்டுகளில் இந்த இருவரில் எவருக்காவது அடுத்த விருப்பம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை. அநுரவுக்கு இன்னும் 105,264, சஜித்துக்கு 167,867 சேர்ந்தன. அநுர 55.89 சதவீதத்தோடு வென்றார் என்றது ஒரு செய்தி.

இங்கேதான் முதற்பக்கம் இரண்டாகக் கிழிந்தது. 55.89 என்பது இறுதியில் மிஞ்சிய இருவருக்கும் இடையிலான பங்கு. செல்லுபடியான மொத்த வாக்கில் பார்த்தால் அவருடைய இறுதித் தொகை ஏறக்குறைய 43 சதவீதம். இரண்டும் உண்மை. இரண்டும் உண்மையாக இருக்கும்போது சண்டை எவ்வளவு நேரம் நீளும் என்பதை எடுத்துக்கூற எனக்கு வாய்த்த சான்று இதுவே. ஒருவர் பொய் சொன்னால் மற்றவர் வீட்டுக்குப் போய்விடலாம். மாஸ்ரர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். விலக்கப்பட்ட 36 பேருக்கும் விழுந்தவை 33 இலட்சத்துக்கு மேல். அவற்றில் அடுத்த விருப்பம் பயன்பட்டது 273,131 சீட்டுகளில் மட்டுமே.

"அப்ப மிச்சச் சனம் இரண்டாவதா ஒருத்தரையும் விரும்பேல்லையோ?" என்று தம்பி கேட்டான்.

"ஒருத்தரை விரும்பினதே பெரிய காரியமடா தம்பி" என்றார் ஐயா.

செல்லாத வாக்குகள் 300,300 என்பதை மாஸ்ரர் தனியாக வட்டம் போட்டுவைத்தார். நாமல் ராஜபக்சவுக்கு 342,781, அரியநேத்திரனுக்கு 226,343. 'செல்லாதவர்' என்றொருவர் போட்டியிட்டிருந்தால் அவருக்கு ஐந்தாமிடம். சின்னம் இல்லை, கூட்டம் இல்லை, சுவரொட்டி இல்லை. அதுவும் நாடு தழுவிய ஆதரவு. மச்சான் இதைக் கேட்டதும் தொடர்பு துண்டிக்கப்பட்டது. இணையக் கோளாறு என்று பிறகு விளக்கம் வந்தது.

இனி இவ்வாய்வு நிறுவ வந்த விதி. வென்றவருக்குப் போட்டதாகச் சொல்வோரின் தொகை அவர் பதவியேற்ற நாளிலிருந்து பெருகும். அவர் வீழ்ந்தபின் பூச்சியத்தை நோக்கிக் குறையும். விதியின் பிற்பாதிக்கு 2019 போதும். கோட்டாபய ராஜபக்சவுக்கு 6,924,255 வாக்குகள். நாடே 'அறுபத்தொன்பது இலட்சம்' என்று அதைச் செல்லமாகவும் பிறகு வசையாகவும் சொன்னது. 2022 யூலையில் அவர் நாட்டை விட்டுப் போய்ப் பதவி விலகினார். அன்றிலிருந்து அந்த அறுபத்தொன்பது இலட்சத்தில் ஒருவர்கூட அகப்படவில்லை. நயினாதீவு விகாரைக்கு வரும் தெற்குப் பயணிகளை ஏற்றியிறக்கும் தம்பி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாரிடமும் விசாரித்துப் பார்த்தான். அனைவரும் சஜித்துக்குத்தான் போட்டிருந்தார்கள். அக்கணக்கின்படி 2019இல் சஜித் வென்றிருக்க வேண்டும். அவருக்கு யார் அறிவிப்பது என்பதுதான் பிரச்சினை.

விதியின் முற்பாதிக்கு யாழ்ப்பாணமே ஆய்வுகூடம். 2024 செப்டெம்பரில் யாழ் மாவட்டத்தில் சஜித்துக்கு 121,177, சங்குக்கு 116,688, ரணிலுக்கு 84,558. திசைகாட்டிக்கு 27,086. ஒக்டோபர் பிறந்தபோது நிலைமை வேறு. சலூனில் தலையைக் கொடுத்தவரும் திசைகாட்டி, கத்தரிக்கோலைப் பிடித்தவரும் திசைகாட்டி. சந்தைக்குள் திசைகாட்டி, பஸ்ஸுக்குள் திசைகாட்டி. "எனக்கு அப்பவே தெரியும், நான் உங்களுக்குச் சொன்னனானெல்லோ" என்று மாஸ்ரர் தொடங்கினார். அவர் சொன்னதை எழுதிவைத்த குறிப்பு என்னிடம் இருந்தது. முள்ளு வடக்கைக் காட்டும் என்றுதான் சொன்னேன், அது ஆருடம் அல்லாமல் வேறென்ன என்று என்னையே கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இவர்கள் அனைவரையும் பொய்யர் என்று எழுதி முடிக்க இருந்தேன். விதியும் அழகாக நிறுவப்பட்டிருந்தது. நவம்பர் 14ஆம் திகதி நாடாளுமன்றத் தேர்தல் வந்து அதைக் குழப்பிவிட்டது. யாழ் மாவட்டத்தில் திசைகாட்டி 80,830 வாக்குகள் எடுத்து, ஆறு ஆசனத்தில் மூன்றைப் பிடித்தது. ஒக்டோபரில் வாங்கில் இருந்து சொன்ன பொய்யில் பெரும்பகுதியைச் சனம் நவம்பரில் போய் உண்மையாக்கிவிட்டு வந்திருக்கிறது. ஆகவே அவர்கள் பொய் சொல்லவில்லை, கொஞ்சம் முந்திச் சொல்லிவிட்டார்கள். கழிந்த தேர்தலைப் பற்றிக் கதைப்பதாக நினைத்து வரப்போகும் தேர்தலைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். கருத்துக்கணிப்பு நிறுவனங்கள் 'யாருக்குப் போடுவீர்கள்' என்று கேட்பதை விட்டு 'யாருக்குப் போட்டீர்கள்' என்று கேட்டால் விடை சரியாக வரும் என்பது என் தாழ்மையான பரிந்துரை. அதுவும் அதிக நாளைக்குப் பலிக்காது. 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் யாழ்ப்பாணத்தின் பல சபைகளில் தமிழரசின் வீட்டுச் சின்னம் மறுபடி முன்னுக்கு வந்தது. மறுநாள் காலை சலூனில் எல்லாரும் வீட்டுக்காரர்.

எஞ்சியிருப்பது வாசிகசாலையின் எதிர்வுகூறல் ஏன் பிழைத்தது என்ற கேள்வி. தேர்தலுக்கு முதல் வாரம் சபை ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்து, எங்கள் பக்கத்தில் சங்கு எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் என்று முடிவு கட்டியிருந்தது. எண்ணிய முறை எளிது. ஐயா எழும்பி, "எங்கட வீட்டில நாலு வோட்டும் சங்குக்கு" என்பார். மாஸ்ரர், "எங்கட மூண்டும்" என்பார். தம்பி தாய், சகோதரிமார், பெரியம்மா எல்லாரையும் சேர்த்துச் சொல்வான். வாங்கில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள். அவர்கள் வழங்கிய வாக்குகளில் பாதிக்கு மேல் பெண்களுடையவை.

இந்த ஓட்டையை அடைப்பதற்காக ஐயாவின் மனைவியிடம் நேரடி விசாரணை செய்யத் துணிந்தேன். அவர் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஐயா வாசிகசாலையில் நாலு வோட்டைப் பற்றிச் சொன்னதை எடுத்துச் சொல்லி, உண்மையில் ஆருக்குப் போட்டீர்கள் அக்கா என்று கேட்டேன்.

"ஏன் தம்பி, அவர் சொல்லேல்லையே?"

"சங்கெண்டு சொன்னவர்."

"அப்ப அப்பிடியே எழுதும்" என்றார். "முப்பத்தெட்டு ஆம்பிளையளில ஒண்டைத் தெரிய எனக்கு எவ்வளவு நேரம் பிடிச்சது தெரியுமே? அவரோட வேற கதைச்சுக்கொண்டிருக்க ஏலாது. உந்தச் சாக்கை ஒருக்கால் இஞ்சால இழுத்துவிடும், வெயில் திரும்பீட்டுது."