ஸ்டுட்கார்ட்டில் ஒரு பொம்மை லாரி

அன்புள்ள அண்ணாவுக்குத் தம்பி எழுதிக்கொண்டது.  

"அவ்வளவு தூரம் போய் சாயங்காலங்களில் என்னதான் செய்கிறாய்?" என்று டெலிபோனில் கேட்டீர்கள். ஒரு பொம்மை லாரியின் எஞ்சினைப் புனருத்தாரணம் செய்துகொண்டிருக்கிறேன். சிரிக்க வேண்டாம். 1886-ஆம் வருஷம் ராபர்ட் போஷ் என்பவர் சின்னதாக ஒரு பட்டறை திறந்தது இதே ஸ்டுட்கார்ட்டில்தான். 1951-இல் மைகோ என்ற பெயரில் பிறந்து, நம் பெங்களூர் அடுகோடியில் சங்கு ஊதி மூன்று ஷிப்டு நடத்தி, தங்களுக்குப் பென்ஷன் வரைக்கும் சோறு போட்ட கம்பெனிக்கு மூலஸ்தானம் இந்த ஊர். ஆகவே இங்கு வந்த மைகோக்காரரின் தம்பி ஸ்பானரைக் கையில் எடுக்காமலிருந்தால்தான் ஆச்சரியம்.

லாரியைப் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன். அமெரிக்காவின் டிராக்சாஸ் என்ற கம்பெனி விற்ற டீ-மேக்ஸ். முழங்கை நீளத்துக்குச் சற்று அதிகம். எஞ்சினின் கொள்ளளவு 3.3 கன சென்டிமீட்டர். மெதனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த திரவத்தைக் குடித்து ஓடுவது. ஸ்பார்க் பிளக் கிடையாது என்று சொன்னால் மைகோ பிளக்கைப் பார்த்து வளர்ந்த தங்களுக்கு அது நாஸ்திகமாகத் தோன்றக்கூடும். பதிலாக, பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. பாட்டரியால் ஒரு தடவை சூடேற்றிவிட்டால், பிறகு மெதனால் ஆவி பட்டுப்பட்டு, பாட்டரியைக் கழற்றிய பின்னும் தானாகவே கனன்றுகொண்டிருக்கும்.

வியாதி என்னவென்றால் கம்ப்ரெஷன் இல்லை. இவ்வகை எஞ்சின்களில், உட்புறம் குரோமியமோ நிக்கலோ பூசிய பித்தளைக் குழாய்க்குள் அலுமினியப் பிஸ்டன் ஓடுகிறது. ரிங் என்ற பேச்சே இல்லை. குழாயின் மேல்வாய் கண்ணுக்குத் தெரியாத அளவு குறுகியிருப்பதால், ஆறிய எஞ்சினைக் கையால் சுழற்றும்போது பிஸ்டன் உச்சிக்கு வந்து இறுகி நிற்க வேண்டும். 100 டிகிரி செல்ஷியஸைத் தாண்டிச் சூடேறிய பின்பு பித்தளை அதிகமாக விரிந்து பிஸ்டனுக்குச் சரியான இடம் விடும். மைகோவில் டீசல் பம்பின் பிளஞ்சரையும் பாரலையும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளிக்குத் தேய்த்துச் சேர்த்து, "இது தாலி கட்டின ஜோடி, மாற்றிப் போடாதே" என்று அப்ரண்டிஸ் பையன்களைத் தாங்கள் அதட்டியது நினைவுக்கு வந்தது. என் லாரியில் தம்பதிகள் சேர்ந்துதான் இருந்தார்கள், பிடிப்புத்தான் போய்விட்டது.

புது எஞ்சினின் விலை லாரியின் விலையைப்போல் மூன்று மடங்கு. புதிய பிஸ்டன் ஜோடிக்கும் நியாயமான விலை சொல்வாரில்லை. ஏழைக்கேற்ற உபாயம் ஒன்றே: குழாயின் மேல்வாயைக் கடைசல் யந்திரத்தில் கவ்வவைத்து அணுப்பிரமாணம் நெருக்குவது. அடுகோடியில் என்றால் தெருக்கோடி லேத்துக்காரர் டீக்காசு வாங்கிக்கொண்டு முடித்திருப்பார். இங்கே லேத் வேண்டுமானால் சங்கத்தில் சேர வேண்டும். இந்நாட்டில் முயல் வளர்க்கவும் சங்கம், பொம்மை வண்டி ஓட்டவும் சங்கம். ஒவ்வொன்றுக்கும் விதிகள், பொக்கிஷதாரர், வருஷாந்தரக் கூட்டம். சங்கத்துக் கிழவர் ஒருவர் என் குழாயை இமைக்காமல் நெருக்கிக் கொடுத்தார். பொக்கிஷதாரர் ஐந்து யூரோவுக்கு மூன்று பிரதிகளில் ரசீது கொடுத்தார்.

ஓட்டுவதிலும் சாஸ்திரம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுக்கு இவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு இருப்பதால், அன்று எஞ்சினைக் கிளப்புவது கோயிலில் செருப்போடு நுழைவதற்குச் சமம். ஓசூர் ரோட்டு ஹாரன்களைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்தவனுக்கு இந்த நிசப்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது. நைட்ரோமீத்தேனோ வெடிமருந்துக்கு மூலப்பொருளாகக் கூடியது என்று ஐரோப்பிய யூனியனின் 2019-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்வதால், நூற்றுக்கு 16 பங்குக்கு மேல் கலந்ததைச் சாமானிய ஜனங்கள் இஷ்டம்போல் வாங்கலாகாது. மிகுந்த பணிவுடன் 16-ஐத் தாண்டாத டப்பாவையே வாங்கினேன்.

எண்ணெய் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மெதனாலில் நன்றாகக் கரைந்து, எஞ்சின் கடுஞ்சூடானாலும் உலோகத்தை விடாமல் பற்றும் அந்த மகா வஸ்து நம் ஆமணக்கெண்ணெயேதான். காஸ்ட்ரால் என்ற பெயர் பிறந்ததும் காஸ்டர் என்னும் அதன் இங்கிலீஷ் பெயரிலிருந்துதான். மாதாமாதம் அம்மா மூக்கைப் பிடித்து நம் தொண்டையில் ஊற்றிய அதே திரவத்துக்காக இங்குள்ள கனவான்கள் காசு கொடுத்து, புகையை ஆனந்தமாக முகர்கிறார்கள். முதல் தடவை அந்த வாசனை வந்தபோது நான் அனிச்சையாக வாயை மூடிக்கொண்டேன்.

லாரி இப்போது ஓடுகிறது. ஆனால் இறுக்கமான பிஸ்டனைக் கிளப்புமுன் எஞ்சினைச் சற்றே சூடாக்க வேண்டியிருப்பதால், தங்கள் தம்பி மனைவியின் தலை உலர்த்தும் யந்திரம் சங்கத்து மைதானத்திலேயே குடியிருக்கிறது. வீட்டில் தலைக்குக் குளிக்கும் நாட்களில் சம்பாஷணை குறைவு.

ஒரு வேண்டுகோள். மெதனால் ஈரத்தை இழுப்பதால் பின்பக்கப் பேரிங் துருப்பிடித்துக் கிறீச்சிடுகிறது. லாரிக் கம்பெனியின் பெயர் போட்ட உறையில் வந்தால் ஒரு விலை, வெறும் பேரிங்காக வந்தால் வேறு விலை என்பது தாங்கள் அறியாததல்ல. அளவுகளைத் தனிச் சீட்டில் குறித்திருக்கிறேன், ஜே.சி. ரோட்டில் விசாரித்து, சூட்டில் இறுகாதிருக்க சி3 என்று பொறித்ததாகப் பார்த்து இரண்டு வாங்கி, அடுத்து இங்கு வருகிறவரிடம் கொடுத்தனுப்பவும். அண்ணி அனுப்பும் எலுமிச்சை ஊறுகாயோடு ஒரே பொட்டலமாகக் கட்டிவிட வேண்டாம். உப்புத் தண்ணீர் கசிந்தால் பேரிங் வழியிலேயே துருப்பிடித்துவிடும். ஊறுகாய் இரண்டு பாட்டிலாக வந்தாலும் ஆக்ஷேபணை இல்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள தம்பி