கறிவேப்பிலைக்கு வைத்தியம் பார்த்த மாப்ளே

ஏம் மாப்ளே, கறிவேப்பிலைச் செடிக்கு இலை கெட்டுப் போச்சுன்னு போட்டோ அனுப்பியிருந்தியே, பார்த்தேன். செடியவிடத் தொட்டிதான் சோக்கா இருக்குது. அடியில ஓட்டை இருக்குதான்னு கேட்டா, 'தரை கறையாயிரும் மாமா'ங்கற. அதுஞ் சரிதான். செடி செத்தாப் பரவால்ல, டைல்ஸ் பளபளன்னு இருக்கோணுமில்ல!

காலையில ஒரு குடம், பொழுதோட ஒரு குடமாமா. உம் பாசத்துல கொறையே இல்ல சாமி. வேரு மூச்சு விட வழியில்லாம அழுகுது. அது வாடுதுன்னு நீ இன்னொரு சொம்பு ஊத்தற. மண்ணுக்குள்ள விரலை விட்டுப் பாரு. ஈரம் ஒட்டுச்சுன்னா அன்னைக்குச் சொம்பத் தொடாத. தொட்டியையும் மாத்திரு.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையா நிக்குதே, அது இரும்புச்சத்துக் கொறைச்சல். மண்ணுல இல்லாம இல்ல. நீ ஊத்தற போர்த் தண்ணிச் சுண்ணாம்பு அதை வேருக்கு எட்டாம பண்ணீருது. உரக்கடையில அன்னபேதி கேளு. லிட்டர் தண்ணிக்கு 5 கிராம் கரைச்சு, வெயில் தாழ இலை மேல தெளி. புளிச்ச மோரைத் தண்ணியாக் கரைச்சு எப்பவாச்சும் ஊத்துன்னு உங்கத்தை சொன்னா, நீ சக்கரை போட்ட லஸ்ஸியை ஊத்தியிருக்கற. செடிக்கு ஒண்ணும் ஆகல, எறும்புக்குத்தான் கல்யாணச் சாப்பாடு.

ஆனா எறும்பு கொழுந்து வரைக்கும் ஏறுதுன்னா அது லஸ்ஸிக்கில்ல. சுருண்ட கொழுந்தைத் திருப்பிப் பாரு. வெள்ளை நூலாட்ட விட்டுக்கிட்டுப் பொடிப் பூச்சி உக்காந்து சாறு உறிஞ்சும். அது கழியற இனிப்புக்குத்தான் எறும்பு வருது, அந்தப் பிசுபிசுப்புலதான் கருப்புப் பூஞ்சாணமும் படியுது. சுருண்டதைக் கிள்ளி எறிஞ்சுட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலக்கி இலைக்கு அடிப்பக்கமாத் தெளி. மேலாப்புல தெளிச்சா உனக்குத் திருப்தி, பூச்சிக்குக் குடை.

அப்பறம், இலை மேல குருவி எச்சம்னு விட்டு வெச்சிருக்கியே, அது எச்சமில்ல, புழு. எலுமிச்சையும் கறிவேப்பிலையும் ஒரே குடும்பம். அங்க முட்டையிடற பட்டாம்பூச்சி இங்கயும் வரும். புழு வளர்ந்தாப் பச்சையாயிரும். தொட்டா தலைக்கிட்ட இருந்து ரெண்டு கொம்பை நீட்டி நாத்தமடிக்கும். உம் பையனுக்குப் பட்டாம்பூச்சி வேணும்னா விட்டுரு. ரசத்துக்கு மட்டும் கடைக்குப் போயிக்க.

இலையை ஒவ்வொண்ணா உருவி வெறும் ஈர்க்கை நிப்பாட்டி வெச்சிருக்கறது ஆரு, நீதானே? காரமடைப் பக்கம் காடுகாடா வெச்சிருக்கறாங்க. கிளையோட அறுத்துக் கட்டாக் கட்டி வண்டியேத்தறாங்க. அது திரும்பத் திரும்பத் தழையுது. நீயும் நுனியோட வெட்டு, பக்கக் கிளை வெடிக்கும். பூ எடுத்தாலும் கிள்ளிரு.

மார்கழிப் பனிக்கு நாலு இலை கொட்டும். ஒடனே யூரியா மூட்டையத் தூக்காத, அது பாட்டுக்கு ஒடுங்கிக் கெடக்கட்டும். நீ மட்டும் மார்கழியில எத்தனை மணிக்கு எந்திரிக்கற?