வானம் பார்த்த பூமியில் பழைய கார் கொள்முதல்: சுழி, பல், கயிறு ஆகிய மூன்றை முன்வைத்து ஓர் ஆய்வு

மாட்டுச் சந்தைக்கும் பழைய கார் விற்கும் கடைக்கும் இடையிலான தாயாதி உறவை அறிஞர் உலகம் இதுவரை உரியவாறு ஆராயவில்லை என்பது வருந்தத்தக்கது. விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்தைச் சேர்ந்த வீரசோழனில் ஆடு மாடுகளுக்கென வாரச்சந்தை கூடுகிறது. அங்கே விலை பேசிப் பழகிய அதே ஊர்க்காரர் கார் வாங்க வேண்டுமென்றால் அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பேருந்து ஏறுகிறார். இடம் மாறினும் அவர் கையாளும் அளவைமுறை மாறுவதில்லை என்பதும், அம்முறை முக்கால் பங்கு வெற்றி பெற்றுக் கடைசிக் கால் பங்கில் கவிழ்ந்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்குள் புகுமுன் சில கலைச்சொற்களை விளக்குதல் மரபு. பழைய கார்களை வாங்கி விற்கும் அல்லது கைமாற்றிவிடும் கடை இப்பகுதியில் ‘கன்சல்டிங்’ எனப்படும்; அங்கே ஆலோசனை எதுவும் வழங்கப்படுவதில்லை. ‘ரூபாய்’ என்பது இத்தொழிலில் இலட்சத்தைக் குறிக்கும் அலகாதலால், “ரெண்டு ரூபாய்க்குள் வண்டி வேண்டும்” என்று கேட்பவர் பைத்தியக்காரர் அல்லர். மிளகாய் விற்ற பணத்தோடு வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியதையும் சேர்த்து இரண்டு இலட்சம் வைத்திருப்பவர். அத்தொகைக்கு அவர் முன் நிறுத்தப்படுவன பெரும்பாலும் வயதான ஆல்ட்டோ, இண்டிகா, ஆம்னி ஆகியவையே. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014இல் உற்பத்தி நின்றுபோன மாருதி 800 ஒன்று அரிதாக மூலையில் நிற்பதுண்டு. அது விற்பனைக்கா, வழிபாட்டுக்கா என்பதில் கடைக்காரருக்கே தெளிவு இருப்பதில்லை.

இத்துறையின் மேலைநாட்டு முன்னோடி அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் ஆவார். பழைய காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது; ஆகையால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சேர்த்து ஒரு சராசரி விலையே சொல்வான்; அந்த விலைக்குக் கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவன் சந்தையைவிட்டு விலகுவான்; எஞ்சுவது ஓட்டை வண்டிகளே என்று அவர் 1970இல் எழுதிய கட்டுரை நிறுவியது. அது முதலில் சில ஆய்விதழ்களால் திருப்பி அனுப்பப்பட்டு, பின்னர் வெளிவந்து, 2001இல் நோபல் பரிசு வரை அவரைக் கொண்டுசென்றது. அக்கட்டுரையில் இந்தியாவின் வட்டிக்காரர்களைக்கூட நினைவுகூர்ந்த அக்கர்லாஃப், தோளில் துண்டும் சட்டைப்பையில் சிறு நோட்டும் வைத்திருக்கும் தரகரைக் கணக்கில் கொள்ளாது விட்டதை இங்குச் சுட்டுவது கடமை. ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிய தரகர் மறுவாரம் அதே சந்தையில், அதே டீக்கடையில், அதே வாடிக்கையாளரின் மைத்துனருக்கு எதிரே உட்கார வேண்டியவர். அந்த வெட்கம் ஒன்றே இச்சந்தையை முழுதும் அழியாமல் காத்துவருகிறது.

ஆய்வின் முதற்கூறு சுழி. மாட்டின் உடலில் மயிர் சுழன்று நிற்கும் இடங்களை வைத்து அதன் இராசியைக் கணிப்பது சுழி சாத்திரம். கோபுரச் சுழி நன்மையெனவும் பாடைச் சுழி கேடெனவும் கொள்ளப்படும். காருக்கு மயிர் இன்மையால் இச்சாத்திரம் பதிவெண்ணுக்கு இடம்பெயர்ந்தது. எண்களைக் கூட்டி எட்டு வந்தால் வண்டி வேண்டாம் என்பது இதன் முதல் விதி. இருபதாயிரம் குறைத்தால் எட்டும் நல்ல எண்ணே என்பது இரண்டாம் விதி. இதற்குமேல் இதில் ஆராய ஏதுமில்லை.

இரண்டாம் கூறாகிய பல், விரிவான ஆய்வுக்குரியது. மாட்டுக்கு ஏறத்தாழ இரண்டு வயதில் முதற்சோடி நிலைப்பல் முளைத்து, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல் என வளர்ந்து எட்டும் நிரம்புகையில் அது கடை சேர்ந்தது எனப்படும். அதன்பின் தேய்மானமே வயதைச் சொல்லும். கன்சல்டிங்கில் இதற்கு ஈடாகக் காட்டப்படுவது கிலோமீட்டர் மானி. ஆயின் மாட்டுப் பல்லைப் பின்னோக்கி முளைக்கவைக்கும் வித்தை எந்தத் தரகருக்கும் கைவந்ததில்லை. மானியைப் பின்னோக்கித் திருப்பும் வித்தையோ கைவந்த கலை. எனவே தேர்ந்த பார்வையாளர், மானி சொல்வதை மரியாதையுடன் கேட்டுக்கொண்டு, வண்டியின் உண்மையான பற்களைத் தேடுவார். கிளட்ச் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகி ஓரம் தேய்ந்திருந்தால், “டாக்டர் ஒருத்தர், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓட்டின வண்டிண்ணே” என்ற வாக்குமூலத்தில், அந்த ஆஸ்பத்திரி எந்த மாநிலத்தில் இருந்தது என்ற துணைக்கேள்வி எழுகிறது. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் பொறித்த நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 எனில் 2019ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரம். ஓடும் டயர் நான்கும் மாற்றப்பட்டிருக்கலாம். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னியை மாற்ற யாருக்கும் தோன்றாததால், அது பெரும்பாலும் வண்டியோடு பிறந்ததாகவே இருக்கும். நான்கு கண்ணாடிகளில் ஒன்றில் மட்டும் குறியீடு வேறுபடின், அந்தப் பக்கம் ஏதோ நடந்திருக்கிறது. விரல் மடக்கித் தகரத்தைத் தட்டுகையில் ஓரிடத்தில் மட்டும் ஓசை மந்தமாக ஒலிப்பின் அங்கே பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று பொருள். துணி சுற்றிய காந்தம் அவ்விடத்தில் ஒட்டாது வழுக்கும்.

இவ்விடத்தில் நீர் பற்றிய ஒரு கிளை ஆய்வு தவிர்க்கவியலாதது. குண்டாற்றில் தண்ணீர் ஓடினால் வேடிக்கை பார்க்க ஊரே திரளும் நாட்டில், கண்மாய் நிறைய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும் மனிதர், வாழ்நாளில் முதன்முறையாக ‘தண்ணீர் பட்டிருக்கக் கூடாதே’ என்று வேண்டிக்கொள்வது கார் வாங்கும்போதுதான். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் கார்கள் மூழ்கிக் கிடந்த படங்களைத் தொலைக்காட்சியில் கண்டவர் அவர். கால்விரிப்பைத் தூக்கி மோந்து பார்த்தல், இருக்கை நகரும் தண்டவாளத்தில் துருவைத் தேடுதல், ஸ்டெப்னிக் குழியில் வண்டல் படிந்துள்ளதா என விரலால் வழித்துப் பார்த்தல் ஆகியவை இதற்குரிய சோதனைகள். வண்டல் மண்ணின் அருமை அறிந்த விவசாயிக்கு இந்த மூன்றாம் சோதனை எளிது.

விலைபேசும் படலம் சுருங்கியது. சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து முடிப்பதை, இங்கே கைப்பேசிக் கணிப்பானில் தட்டிக் காட்டி முடிக்கிறார்கள்.

மூன்றாவதும் ஆய்வாளர்களால் மிகவும் புறக்கணிக்கப்பட்டதுமான கூறு கயிறு. மாட்டை விற்பவர் மாட்டைத்தான் கொடுப்பார், பிடிகயிற்றைத் தன்னிடமே நிறுத்திக்கொள்வார். வாங்குபவர் புதுக்கயிறு கொண்டுவந்து கட்டிப் பிடித்துப் போவார் என்பது இந்நாட்டு வழக்கம். கயிறு மாறினால் மாடு மாறியது. மாட்டுக்கு ஆர்.சி. புத்தகம் கிடையாது. காருக்கு உண்டு, பெயர் மாற்றமே அதன் புதுக்கயிறு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவுப்படி, மாநிலத்துக்குள் வண்டியை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குரியவை படிவம் 29, படிவம் 30. ஸ்டெப்னிக் குழியில் விரல் விட்டுப் பார்த்த அதே மனிதர், விற்றவரின் கையெழுத்து மட்டும் இட்டு மற்றதெல்லாம் வெறுமையாக விடப்பட்ட அந்தப் படிவங்களை மடித்து டேஷ்போர்டுக்குள் வைத்து, “மகன் லீவுல வரட்டும், மாத்திக்கலாம்” என்று கூறி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் புறப்பட்டுவிடுகிறார்.

இதன் விளைவை உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தெளிவாக்கியது: வண்டி பல கை மாறியிருப்பினும், பதிவேட்டில் பெயர் யாருடையதோ, விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவருடையதே. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய விதிகள், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வண்டியை முறைப்படி ஒப்படைத்துத் தெரிவித்துவிட்டால் அவரே உரிமையாளராகக் கொள்ளப்படுவார் எனக் கூறி இந்தச் சிக்கலைத் தளர்த்த முயல்கின்றன. வண்டி கடையைவிட்டு எதற்காக வெளியே போனது என்பதற்கு மின்னணுப் பதிவேடு வைக்கவும் பணிக்கின்றன. மாசி சிவராத்திரிக்குக் கடைக்காரரின் மச்சான் குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரும் பயணம் அப்பதிவேட்டின் எந்தப் பத்தியில் அடங்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

மகன் லீவில் வந்து திரும்பியும் பெயர் மாறாத வண்டி, சில ஆண்டுகள் கழித்து விற்பனைக்கு வருகையில்தான் வெறுமையான படிவங்கள் வெளியே எடுக்கப்படுகின்றன. அதற்குள் பதிவேட்டு உரிமையாளர் காலமாகியிருந்தால் படிவம் 30 செல்லாது, வாரிசுகள் படிவம் 31 தர வேண்டும். அவர்களைத் தேடிப் பிடித்துச் சேதி சொல்லும்போது, அப்பா பெயரில் ஒரு கார் இருப்பதை அவர்கள் அன்றுதான் அறிகிறார்கள். தேநீர் வருகிறது, மூத்தவர் கணிப்பானை எடுக்கிறார், விலை மறுபடியும் முதலிலிருந்து பேசப்படுகிறது.