தொண்டைய வீட்டுலயே வச்சிட்டா போன?

எய்யா பேராண்டி, நீ அனுப்புன வீடியோவத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஆன்ஃபீல்ட் மைதானம், லிவர்பூல் ஆட்டம்ங்க. படத்துல முக்காவாசி உன் மூஞ்சிதான் இருக்கு. மீதியில கொஞ்சம் புல்லு, அதுல சிவப்பா ரெண்டு மூணு புள்ளி ஓடுது. "இவன் ஆட்டம் பாக்கப் போனானா, ஆட்டம் இவனப் பாக்க வந்துச்சா"ன்னு ஆச்சி கேக்கா. பதில் சொல்லத் தெரியாம வெத்தலையப் போட்டுக்கிட்டேன்.

கூடவே ஒரு பொலம்பல் வேற. டிவியில கேட்ட சத்தம் நேர்ல இல்லையாம். ஆரம்பத்துல ஒரு பாட்டாம், பொறவு ஆளாளுக்குக் கையக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டாங்களாம். நீ எந்திரிச்சதுக்குப் பின்சீட்டுக் கெழவன் சட்டையப் புடிச்சி இழுத்து உக்கார வச்சானாம். சரி, ஊரான் கதை இருக்கட்டும். நீ என்ன பாடுன? குலுக்கல்ல பேரு குடுத்து, சீட்டு விழுந்து, காசக் கட்டி உள்ள போயி, எவனாவது பாடுவான் படம் எடுக்கலாம்னு போனத் தூக்கிக்கிட்டு இருந்திருக்க. பக்கத்துல இருந்தவனும் அதுக்குத்தான் தூக்கிக்கிட்டு இருந்தான். அவனுக்கு அந்தாண்ட இருந்தவனும் அப்படியே. பொறவு பாட எவன் வருவான்? உன் கொள்ளுத்தாத்தாவா எந்திரிச்சி வருவாரு?

மூஞ்சியத் தொங்கப் போடாத. பொல்லாப்பெல்லாம் உன் வயசுக்காரன் மேலன்னு நான் சொல்லப் போறதில்ல. அதைச் சொல்லதுக்குத்தான் உன் பின்னாலயே ஒரு ஆளு சீசன் டிக்கெட் போட்டு உக்காந்திருக்கானே. அவன் கதையும் எனக்குத் தெரியும். கப்பல்ல கெடந்த காலத்துல லிவர்பூல் துறைமுகத்துல எறங்குனா மத்தவன் சாராயக்கடையத் தேடுவான், நான் மைதானத்தத் தேடுவேன். சாராயக்கடை மைதானத்துக்குப் போற வழியில இருந்துச்சு, அது வேற விசயம்.

அந்த கோப்புன்னு ஒரு மேடு இருக்குல்லா, கோலுக்குப் பின்னால, அது 1906-ல கட்டுனது. பேரு தென்னாப்பிரிக்காக் குன்றோட பேரு, ஸ்பியான் கோப். 1900 சனவரியில போயர் சண்டையில லங்காசயர்ப் பக்கத்துப் பையங்க அங்க கொத்துக் கொத்தாச் செத்தானுவ. அந்தக் குன்றுலேர்ந்து அடிபட்டவன டோலியில தூக்கிச் சொமந்தது யாரு தெரியுமா? காந்தி. அவரு சேத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில ஆயிரத்துச் சொச்சம் பேரு. முக்காவாசி நேட்டால் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாப் போன ஆளுங்க, அதுல நம்ம தமிழாளும் உண்டு. வெள்ளக்காரப் பசங்க உன்ன ஒரு மாதிரி பாத்தா இந்தக் கதையச் சொல்லு. அந்த மேட்டுல அவனுக்கு இருக்க பாத்தியதை நமக்கும் ஓரமாக் கொஞ்சம் இருக்கு.

இப்போ அந்தப் பாட்டுக்கு வருவோம். துண்டத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, பரம்பரை பரம்பரையா வந்த தேவாரம் கணக்கா எல்லாரும் பாடுதானே, 'யூ வில் நெவர் வாக் அலோன்', அது எங்கேர்ந்து வந்துச்சு? 1945-ல அமெரிக்காவுல ஒரு நாடகத்துக்குப் போட்ட பாட்டு. 1963-ல ஜெர்ரி அண்ட் தி பேஸ்மேக்கர்ஸ்னு லிவர்பூல் பையங்க கிட்டாரு வச்சிப் பாடி இசைத்தட்டு போட்டானுவ, நம்பர் ஒன்னாச்சு. ஆட்டத்துக்கு முன்னால மைதானத்து ஒலிபெருக்கியில அந்த வாரத்து ஹிட்டு பாட்டெல்லாம் போடுவான், கோப்புல நிக்கற பயலுவ கூடப் பாடுவானுவ. அடுத்த வருசம் பிபிசிக்காரன் பனோரமா நிகழ்ச்சிக்குப் படம் எடுத்தான். அதுல அந்தக் கூட்டம் பீட்டில்ஸ் பாட்ட ஒரே குரல்ல பாடுது. அத்தனையும் வாலிபப் பயலுவ, கழுத்துல டை வேற. அவனுவ அப்பன்மாரு வீட்டுல என்ன சொல்லிருப்பாங்க? "எங்க காலத்துல கம்முனு ஆட்டம் பாத்தோம், இவனுவ ரேடியோப் பாட்டு பாடிக் கெடுக்கானுவ"ன்னு சொல்லாமலா இருந்திருப்பாங்க? அந்த ரேடியோப் பாட்டு இன்னைக்கு சாமி பாட்டு. அதப் பாடுன பய இன்னைக்கு உன் பின்சீட்டுக் கெழவன்.

மெட்டுக்கும் அவனுவ யாருகிட்டயும் கேட்டதில்ல. 1977-ல செயின்ட் எத்தியன்னு பிரான்சு அணி வந்துச்சு. அதோட ஆளுங்க பச்சை உடுப்புல வந்து ஒரு பாட்டு பாடுனானுவ, லிவர்பூல்காரன் கேட்டான், பச்சைய எடுத்துட்டு சிவப்பப் போட்டு அப்பவே தன்னோடதாக்கிட்டான். 2018-ல ஊரெல்லாம் கத்துன 'அலே அலே அலே' மெட்டு, 1985-ல ரிகெய்ரான்னு இத்தாலிக்காரனுவ போட்ட டிஸ்கோப் பாட்டு. அதக் கிட்டாரு எடுத்துப் பாடிப் பரப்புனது உன் வயசுப் பயலுவதான். நம்மூர்ல மார்கழி பஜனைக்கு சினிமா மெட்டப் போட்டுக்கிட்டு, சாமிக்கே அலுப்பு வராம பாத்துக்கிடுதாங்கல்லா, அதே சோலிதான். அதனால புதுசு பாடுனா மரபு கெட்டுப்போவும்னு எவனாவது சொன்னா சிரிச்சிட்டு நகந்துக்கோ.

நான் கோப்புல நின்னது அதே 1977 மார்ச் 16-ந்தேதி, அதே செயின்ட் எத்தியன் ஆட்டம். உக்காரதுக்கு ஒண்ணும் கெடையாது, வெறும் சிமெண்டுப் படி. அங்கங்க இரும்புக் கம்பி. ஒரு காலத்துல அதுல 25,000-க்கு மேல ஆளு நிக்கும். கடைசியில ஃபேர்கிளப்னு ஒரு செம்பட்டத் தலைப் பய வந்து கோலப் போட்டான் பாரு, என் கால் தரையில இல்ல. கூட்டம் என்னத் தூக்கிக்கிட்டுப் போயி பத்துப் படி கீழ எறக்கி விட்டுச்சு. அங்க ஒரு ஆளு என்னக் கட்டிப் புடிச்சி முத்தம் குடுத்தான். என் சோடு மேல் படியிலயே நின்னுச்சு.

இதைக் கேட்டுட்டு ஆகா அந்தக் காலம்னு வாயப் பொளக்காத. ஒண்ணுக்கு வந்தா கூட்டத்தக் கிழிச்சிப் போக வழி கெடையாது. பத்திரிகையச் சுருட்டி அதுக்குள்ள போவான், இல்லாட்டி முன்னால நிக்கவன் கால்சட்டையில போவான். திடீர்னு முழங்காலு கதகதப்பாச்சுன்னா அது பக்திப் பரவசம் இல்ல, தெரிஞ்சுக்கோ. பொம்பளையாள அங்க பாக்கது அபூர்வம். இதைவிடக் கேவலமும் உண்டு. 1988-ல எவர்ட்டன் மைதானத்துல, லிவர்பூலுக்கு ஆடுன கறுப்பு ஆட்டக்காரரு ஜான் பார்ன்ஸ் மேல வாழைப்பழம் எறிஞ்சானுவ. அவரு குதிகாலால தட்டிவிட்டுட்டு ஆட்டத்தப் பாத்தாரு. எறிஞ்சவனும் பாட்டுக் கூட்டத்துலதான் நின்னான். இன்னைக்கு உன் வரிசையில ஒரு கறுத்த பிள்ளை பயமில்லாம நின்னு கத்துதுல்லா, அதுக்காக ரெண்டு டெசிபல் கொறஞ்சா எனக்கு நட்டமில்ல.

அந்தப் படிக்கட்டு ஏன் போச்சுன்னு சொல்லும்போது கேலி பண்ண மாட்டேன். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டுல ஹில்ஸ்பரோ மைதானம். கூட்டத்த நடு அடைப்புகளுக்குள்ள விட்டு நெரிசல்ல 97 உசிரு போச்சு, பாதிக்கு மேல சின்ன வயசு. குடிச்சிட்டு வந்த ரசிகனுவதான் காரணம்னு வருசக் கணக்கா பழி போட்டாங்க. 2016-ல ஜூரி உக்காந்து, ரசிகன் மேல ஒரு குத்தமும் இல்லன்னு சொல்லுற வரைக்கும் பெத்தவங்க அலைஞ்சாங்க. அந்தச் சாவுக்குப் பொறவுதான் டெய்லர்னு ஒரு நீதிபதி, எல்லாரையும் உக்கார வைங்கன்னு 1990-ல அறிக்கை குடுத்தாரு. 1994 ஏப்ரல் 30-ல கோப்பு கடைசியா நின்னு பாத்துச்சு. நார்விச்சுகிட்ட 0-1 தோத்துப்போனான். இப்போ அதே எடத்துல சீட்டு 12,000 சொச்சம்.

சீட்டு போட்டது சரிதான். அத யாரு குத்தம் சொல்லுவா? அதே அறிக்கையில டெய்லரு, சீட்டு போட்டேன்னு விலைய ஏத்தாதீங்க, கிளாஸ்கோ ஐப்ராக்ஸ்ல 6 பவுண்டுக்கு சீட்டு குடுக்கானேன்னு உதாரணமும் எழுதி வச்சாரு. கிளப்புக்காரன் மொத வரிய மட்டும் படிச்சிட்டுப் புத்தகத்த மூடிட்டான். 1992-ல பிரீமியர் லீக்கு வந்துச்சு, டிவிப் பணம் வந்துச்சு, விலையும் ஏறிக்கிட்டே வந்துச்சு. 2000-லயே மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரரு ராய் கீன், தன்னோட மைதானத்துல உக்காந்து இறால் சான்ட்விச் திங்க கூட்டத்துக்குக் கால்பந்தே புரியலன்னு கடுப்படிச்சாரு. இறால் மேல எனக்குக் கோவம் இல்ல, வாயில இறாலு இருக்கப்ப பாட முடியாதுன்னுதான் சொல்லுதேன்.

விலையவிடப் பெரிய கேடு ஒண்ணு உண்டு. பழைய கோப்பு மூலையில 'பாய்ஸ் பென்'னு கம்பி அடைச்ச ஒரு கூண்டு இருந்துச்சு. சில்லறக் காசுக்குச் சின்னப் பயலுவள உள்ள விடுவான். கீச்சுக் குரல்ல அதுங்களும் பாடும். கொஞ்சம் வளந்தவன் கம்பி மேல ஏறி கோப்புக்குள்ள குதிச்சிருவான். குதிச்சவன் சேக்காளிகளோட நிப்பான், பெரியவன் பாடறதக் கேட்டுத் தப்புத் தப்பாப் பாடுவான், ரெண்டு வருசத்துல அவனே தொடங்கி வைப்பான். இப்போ நம்பர் போட்ட சீட்டு. ஒரு சேக்காளிக்கு ஒரு மூலை, இன்னொருத்தனுக்கு வேற மூலை, நடுவுல முன்னப்பின்னத் தெரியாதவன். தெரியாத ஆளு பக்கத்துல உன்னால தும்மவே முடியாது, பாட்டா வரும்? சீசன் டிக்கெட் வச்சிருக்கவன் அதே சீட்டுல உக்காந்து உக்காந்து கெழவனாயிட்டான். பாட வேண்டிய வயசுக்காரன் வெளிய மதுக்கடை டிவி முன்னால நின்னு பாடிக்கிட்டு இருக்கான். உள்ள உக்காந்திருக்கவன், "இந்தக் காலத்துப் பசங்க பாடுறதே இல்ல"ங்கான். எப்படி இருக்கு நியாயம்?

நம்ப மாட்டேன்னா மைதானத்து மூலையில வெளியூரு அணிக்காரன் கூட்டத்தப் பாரு. ரெண்டாயிரம் மூவாயிரம் பேருதான், ஆனா மத்த அம்பதாயிரத்தையும் நூலகத்துல உக்காந்திருக்கவனுவன்னு பாட்டாலயே நக்கலடிப்பான். 2016-லேர்ந்து அவனுக்கு டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல கெடையாது. பஸ்சுலயும் ரயில்லயும் சேக்காளியோட வந்திருப்பான், உக்காருன்னா உக்கார மாட்டான். ஜெர்மனியில டார்ட்மண்டுக்குப் போனா தெற்கு ஸ்டாண்டுல 24,000-க்கு மேல ஆளு நின்னுக்கிட்டே கத்துது, டிக்கெட் விலையும் சல்லிசு. அங்கயும் எல்லார் கையிலயும் போன் இருக்கு.

சத்தம் என்னத்துக்கு ஆவும்னு கேக்கியா? கொரோனாவுல மைதானத்தப் பூட்டிட்டு ஆடுனானுவ. வீடியோ கேம்லேர்ந்து கூட்டத்துச் சத்தத்த எடுத்து டிவியில போட்டான், அதையும் நாம கேட்டோம். அப்போ லிவர்பூல் சொந்த மைதானத்துல 68 லீக் ஆட்டம் தோக்காம இருந்த அணி. 2021 சனவரியில பர்ன்லிகிட்ட விழுந்தான். பொறவு வரிசையா மொத்தம் ஆறு ஆட்டம் சொந்த ஊர்லயே தோத்தான். தடுப்பாட்டக்காரன் வான் டைக்குக்கு முழங்காலு போனதும் ஒரு காரணம்தான், இல்லேங்கல. காலி சீட்டுக்கும் அதுல பங்கு உண்டுன்னு நான் சொல்லுவேன்.

கெழவன் சீட்டுக்காகவே உக்காந்திருக்கான்னும் நெனைச்சிராத. 2016 பிப்ரவரியில ஒசந்த விலை டிக்கெட்ட 77 பவுண்டு ஆக்கப் போறேன்னு முதலாளி சொன்னான். சண்டர்லாண்டு ஆட்டத்துல 77-வது நிமிசம், 2-0 முன்னால இருக்கப்பவே, ஆயிரக் கணக்குல எந்திரிச்சி வெளிய போயிட்டானுவ. கெழவனும் போனான், பயலும் போனான். கூட்டம் போனதும் சண்டர்லாண்டு ரெண்டு கோலப் போட்டு 2-2. நாலே நாள்ல முதலாளி மன்னிப்பு கேட்டு விலையப் பழையபடி ஆக்கிட்டான். வாயத் தொறக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் எப்போ மூடிக்கிட்டு வெளிய போவணும்னும் தெரியும்.

அடுத்த தடவ இப்படிப் பண்ணு. உன் காலேஜ் பயலுவ நாலு பேருக்கும் சேந்தாப்புல சீட்டு கெடைக்குதான்னு பாரு. கோப்புல கெடைச்சா நல்லது, இல்லாட்டி மேல் மூலையானாலும் சரி. 2022-லேர்ந்து அந்த நாட்டுல சில மைதானத்துல கம்பி வச்ச சீட்டு போட்டு, நின்னு பாக்க சட்டமே விட்டிருக்கு. தேனு எலுமிச்சை எல்லாம் வேண்டாம், நீ கச்சேரிக்குப் போவல. சுதி சேரலன்னு வெக்கப்படாத, அங்க எவனுக்கும் சேராது. வார்த்தை மறந்தா வாய மட்டும் அசை, மத்தவன் சத்தத்துல தெரியாது. உன் மாமா கல்யாண வீட்டுல இதத்தான் பண்ணுவான். ஆட்டம் மந்தமா கெடக்கப்ப தொடங்கு. கோல் விழுந்த பொறவு ஊமையும் பாடுவான்.

பின்சீட்டுக் கெழவன் மறுபடியும் சட்டையப் புடிச்சா சண்டைக்குப் போவாத. இடைவேளையில ஒரு டீ வாங்கிக் குடுத்து, "ஐயா, 1977 செயின்ட் எத்தியன் ஆட்டத்துக்கு இருந்தீங்களா"ன்னு கேளு. அம்புட்டுத்தான். உள்ள இருந்தது 55,043 பேருன்னு கணக்கு இருக்கு. ஆனா அந்த வயசு ஆளு எவனக் கேட்டாலும் கோப்புல நின்னேம்பான், ஃபேர்கிளப் கோலக் கையால ஆடிக் காட்டுவான். அவன் மூச்சு வாங்க நிறுத்துவான்ல, அங்கன நீ பாட்டப் புடி, அவனே கூட எந்திரிச்சிருவான். அன்னைக்கு என் கப்பல் கொச்சியில நின்னுச்சுன்னு ஆச்சி சொல்லுவா. கப்பல் நின்னுச்சு, சரி. நான் அதுல இருந்தேனான்னு அவளுக்கு எப்படித் தெரியும்?